எந்த வண்டியில இருந்து கழட்டினது?

பட்டறைப் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: அடிபட்ட வண்டிக்குப் பழைய பாகம் வாங்கலாமா, வாங்கினா சேருமா? ஹெட்லைட், பம்பர், சைடு மிரர் பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்த இதழ்ல சொல்றேன். இப்போ வண்டியைத் தாங்குற இரும்பை மட்டும் எடுத்துக்கறேன். கிராஸ் மெம்பர் (முன்பக்கம் அடியில குறுக்கே போற சட்டம்), ஏப்ரன் (ஃபெண்டருக்கு உள்பக்கம் இருக்கிற தகடு), பில்லர் (கூரையைத் தாங்குற தூண்), சேஸிஸ் (அடிச்சட்டம்), இந்த வகை. வேலூர்ல டிங்கரிங் பட்டறை நடத்துறவன்கிற முறையில எனக்குத் தெரிஞ்சது இது.

கேள்வி: என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி சென்டர் மீடியனில் மோதி, இடது பக்க முன்பகுதி உள்ளே போய்விட்டது. கிராஸ் மெம்பர், இடது ஏப்ரன், லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை), ரேடியேட்டர் சப்போர்ட் பேனல் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிச் சாமான் கடைகளில் விசாரித்தேன். "2012-ல இருந்து 2017 வரைக்கும் எல்லாம் ஒண்ணுதான் சார், கண்ணை மூடிக்கினு மாட்டலாம்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– பள்ளி ஆசிரியர், குடியாத்தம்

பதில்: வருஷக் கணக்குல அவர் தப்பு சொல்லலை, சார். உங்க வண்டியோட பாடி 2011 ஆகஸ்ட்ல வந்த இரண்டாவது தலைமுறை. 2018 பிப்ரவரியில மூணாவது வர்ற வரைக்கும் அதுதான் ஓடிச்சு. தப்பு அந்தக் "கண்ணை மூடிக்கினு"ல இருக்கு.

கடையில போய் நின்னதும் "ஸ்விஃப்ட் கிராஸ் மெம்பர் இருக்கா"ன்னு கேட்டா, இருக்குன்னுதான் பதில் வரும். அப்படிக் கேக்காதீங்க. "இது எந்த வண்டியில இருந்து கழட்டினது?" அதுதான் முதல் கேள்வி. பெட்ரோலா டீசலா, எந்த வருஷம், எந்த வேரியன்ட், எங்கே அடிபட்டு உடைக்க வந்தது, சேஸிஸ் நம்பர் என்ன, ஆர்.சி. நகல் இருக்கா? பதில் சொல்லத் தெரியாததாலயே கடைக்காரர் ஏமாத்துறார்னு அர்த்தம் இல்லை. சாமான் அவர்கிட்ட வர்றதுக்குள்ள நாலு கை மாறியிருக்கும். ஆனா வண்டியைத் தாங்குற பாகத்தை அந்தக் கடையில வாங்க வேண்டாம். கதவுக் கைப்பிடி வாங்கிக்கோங்க.

வருஷத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு டிசையரை வெச்சுச் சொல்றேன். 2017 மே மாசம் டிசையர் புது பாடியில வந்துடுச்சு. ஆனா டாக்ஸிக்காரங்களுக்குன்னு பழைய பாடியையே "டூர்"ங்கிற பேர்ல அதுக்கப்புறமும் சில வருஷம் வித்தாங்க. காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்காகக் காத்து நிக்கிற வெள்ளை டிசையர்களைப் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு வண்டி ஆர்.சி.யிலயும் 2019னு இருக்கலாம், ரெண்டுக்கும் கீழே இருக்கிற இரும்பு வேற வேற. "2019 டிசையர் சாமான்"னு போன்ல சொல்லி ஆர்டர் போட்டா, எது வரும்னு லாரி வந்து இறக்கினாத்தான் தெரியும்.

ஒரே பாடிக்குள்ளயும் வித்தியாசம் உண்டு. டீசல் எஞ்சினோட கனம் வேற, அதைத் தாங்குற மவுன்ட்டும் வேற மாதிரி அமையும். அதனால டீசலுக்கு டீசல்ல இருந்து கழட்டினதையே தேடுங்க. அடுத்தது ஏர்பேக். ஓட்டுநர் பக்க ஏர்பேக் எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2019 ஜூலையிலதான். அதுக்கு முன்னாடி நிறைய மாடல்ல மேல் வேரியன்ட்லதான் இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டிக்கு முன்பக்க மோதல் சென்சார் பெரும்பாலும் சப்போர்ட் பேனல்லயோ ஏப்ரன் முனையிலயோ உட்கார்ந்திருக்கும். உங்க வண்டியில சென்சார் இருந்து, வாங்கிட்டு வந்த பேனல்ல அதுக்கான பிராக்கெட் இல்லைன்னா, நம்ம ஆளுங்க துளை போட்டு எங்கேயாவது ஒரு இடத்துல முடுக்கி விட்டுடுவாங்க. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியாது, எல்லாம் சரின்னு தோணும். சென்சார் இடம் மாறினா ஏர்பேக் விரியற நேரமும் மாறிடும்.

இப்போ உங்க லிஸ்டுக்கு வர்றேன். லோயர் ஆர்ம் புதுசு வாங்கிடுங்க, அதுல பேச்சே வேண்டாம். சப்போர்ட் பேனல் பழசு போதும். ஏப்ரன் வெல்டிங் சமாசாரம், கீழே எட்டியோஸ் பத்தி ஒரு கேள்வி இருக்கு, அங்கே சொல்றேன். கிராஸ் மெம்பர் போல்ட்டுல நிக்கிறது; பார்த்து வாங்கினா பழசுலயே நல்லதா கிடைக்கும். உங்க நேரத்தையெல்லாம் அதுல போடுங்க.

உங்க வண்டியில இருந்து கழட்டின கிராஸ் மெம்பரைக் காயலான் கடைக்குப் போட விடாதீங்க. வளைஞ்சிருந்தாலும் அதுதான் உங்க மாதிரி. கூடவே எடுத்துட்டுப் போங்க. பழசையும் வாங்கப் போறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு ஓட்டையா, ஒவ்வொரு காதா (போல்ட் மாட்டற பிடி), ஒவ்வொரு பிராக்கெட்டா ஒப்பிடுங்க. ஸ்டீயரிங் பெட்டி உட்கார்ற இடம், ஸ்டெபிலைசர் கிளாம்ப் போல்ட், எஞ்சின் மவுன்ட் மூணையும் விட்டுடக் கூடாது. உங்களுதுல இருக்கிற ஒரு ஓட்டை அதுல இல்லைன்னா அது வேற வண்டிச் சாமான். "துளை போட்டுக்கலாம்"னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

சேருதுன்னு முடிவானதும் அடுத்த வேலை, அது நேரா இருக்கான்னு பார்க்கறது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்கதான் அளக்கணும். அளவு நாடா, டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், உங்க பழைய போல்ட் நாலு, இவ்வளவு எடுத்துட்டுப் போனா போதும். இடது முன் ஓட்டையில இருந்து வலது பின் ஓட்டைக்கு ஒரு அளவு. வலது முன்னுல இருந்து இடது பின்னுக்கு ஒரு அளவு. ஓட்டையோட நடு எங்கேன்னு கண்ணால தேட வேண்டாம். ரெண்டும் ஒரே அளவு ஓட்டைன்னா, இதோட இடது விளிம்புல இருந்து அதோட இடது விளிம்புக்கு அளந்தாலே நடுவுக்கு நடு அளவு வந்துடும். நாடா தொங்கக் கூடாது, நடுவுல எதுலயும் இடிக்கக் கூடாது. இடிச்சா அலுமினிய ஸ்கொயர் டியூப்ல ரெண்டு நீள போல்ட் மாட்டி, அதையே காம்பஸ் மாதிரி வெச்சுப் பாருங்க. எங்க பட்டறையில அப்படித்தான் செய்வோம். ரெண்டு குறுக்களவும் மூணு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசப்பட்டா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. நம்ம கணக்குல அது ஒரு நூல். சும்மா ஒரு நூல்தானேன்னு தோணும். பாடி வேலையில பொதுவா விடற தளர்வே அவ்வளவுதான், அதை முழுசா இந்த ஒரு சாமானே தின்னுடக் கூடாது. சில மாடல்ல இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. அப்போ கம்பெனியோட பாடி அளவுப் படத்தை வெச்சுத்தான் பேசணும். ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல பாடி ஷாப் சூப்பர்வைசர்கிட்ட அது இருக்கும்.

லோயர் ஆர்ம் உட்கார்ற ரெண்டு காதுக்குள்ளயும் உங்க போல்ட்டைக் கையால விட்டுப் பாருங்க. விரலால தள்ளினா போகணும். சுத்தியல் கேட்டா காது வளைஞ்சிருக்கு. ஓட்டை வட்டமா இல்லாம ஒரு பக்கம் நீண்டிருந்தா, அந்த போல்ட் லூஸா இருந்தபடியே அந்த வண்டி ரொம்ப நாள் ஓடியிருக்கு, இல்லேன்னா ஒரே அடியில இழுபட்டிருக்கு. ரெண்டுமே நமக்கு ஆகாது.

பளபளன்னு கறுப்பு ஸ்ப்ரே அடிச்சு வெச்சிருந்தா சந்தோஷப்பட ஒண்ணும் இல்லை. துருவும் அழுக்குமா இருக்கிற சாமான் உண்மையைப் பேசும். புது பெயின்ட்டை மூலை மடிப்புகள்ல ஸ்க்ரூடிரைவர் முனையால சுரண்டிப் பாருங்க, அடியில வெல்டிங் முடிச்சு தட்டுப்படுதான்னு. தகடு ஒரு இடத்துல நீலம் பாரிச்சிருந்தா, யாரோ கேஸ் வெச்சு சூடு காட்டி நிமிர்த்தியிருக்காங்க.

வெள்ளத்துல நின்ன வண்டி இன்னொரு தொல்லை. 2015 டிசம்பர்ல சென்னை முழுகினப்பவும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் எத்தனையோ கார் தண்ணிக்குள்ள நின்னது, அதுல நிறைய உடைக்கத்தான் போச்சு. இங்கேயும் 2021 நவம்பர்ல பாலாறு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கிராஸ் மெம்பர் ரெண்டு தகடு சேர்த்து உள்ளே வெற்றிடமா செய்தது. தண்ணி வடியற ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. வண்டல் காய்ஞ்சு கோடு கோடா ஒட்டியிருந்தா, உள்பக்கம் அரிக்க ஆரம்பிச்சு நாளாச்சு. ஸ்க்ரூடிரைவர் பிடியால நீளத்துக்கும் தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு வந்த சத்தம் ஒரு இடத்துல மொத்துன்னு மாறினா அந்த இடத்துல தகடு மெலிஞ்சு போச்சு.

பில் கேளுங்க. பில்லுல சாமான் பேர், கழட்டின வண்டியோட சேஸிஸ் நம்பர், அளவு ஒத்துவரலைன்னா இத்தனை நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்குவோம்னு ஒரு வரி. எழுதித் தர்ற கடை இருக்கு. கிராஸ் மெம்பர் போல்ட்டை மட்டும் பழசு போடாதீங்க, கம்பெனி போல்ட் புதுசு வாங்கி டார்க் ரெஞ்சுல (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டற ஸ்பானர்) முடுக்கச் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, இது உங்க பட்டறைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது: பாடியை முதல்ல இழுத்து, நேராக்கி, அளந்துட்டாரா? அதைச் செய்யாம சாமானை மாட்டப் போனா போல்ட் ஏறாது. உடனே "சாமான் சேரலை சார், வேற கொண்டாங்க"ம்பாங்க. கோணல் வண்டியில இருக்கும், பழி புதுப்பேட்டைக்குப் போகும். இல்லேன்னா அரம் போட்டு ஓட்டையைப் பெருசாக்கி ஏத்திடுவாங்க. வேலை முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் அளவை பிரின்ட் போட்டு வாங்குங்க. உங்க வண்டியோட முன் சஸ்பென்ஷன் ரகத்துல அலைன்மென்ட் கடையில திருப்பி வைக்க முடியறது டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு, மட்டும்தான். கேம்பரும் காஸ்டரும், அதாவது சக்கரமும் அது திரும்பற அச்சும் சாய்ஞ்சிருக்கிற கோணம், இரும்பு நேரா இருந்தா தானா சரியா வரும். இடது வலது ரெண்டுக்கும் அந்த அளவு எட்டாம நின்னா வேலை முடியலைன்னு அர்த்தம், மிச்சப் பணத்தைக் கொடுத்துடாதீங்க.

கேள்வி: லோயர் ஆர்ம் பழசு வாங்கினால் என்ன? புதுசு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.
– வாசகர், திருவலம்

பதில்: ஆர்ம் வளைவாவே செய்யற பாகம், அதுல அடிபட்ட வளைவு எது, அச்சுல வந்த வளைவு எதுன்னு கண்ணு கண்டுபிடிக்காது. கூடவே பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் ஏற்கெனவே ஓடித் தேய்ஞ்சது. ரெண்டையும் புதுசு மாத்தினா செலவு கிட்டத்தட்ட புது ஆர்ம் விலைக்கே வந்துடும். சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் இணைக்கிற நக்கிள், டை ராடு எண்ட், ஸ்டீயரிங் ராக் இதுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: கால் டாக்ஸி ஓட்டுகிறேன். 2015 எட்டியோஸ் டீசல், முன்பக்கம் மொத்தமாகப் போய்விட்டது. பெங்களூரில் ஒருவர் "நோஸ் கட்" முழுசாகத் தருகிறேன் என்கிறார் – ரெண்டு ஏப்ரன், சப்போர்ட், கிராஸ் மெம்பர் எல்லாம் சேர்த்து. தனித்தனியாக வாங்குவதைவிட இது நல்லதா அண்ணா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: தம்பி, நல்லதுதான். ஒரே வண்டியில ஒண்ணா இருந்த சாமான், ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது. ஆனா மூணு நிபந்தனை.

பின்னாடி அடி வாங்கின வண்டியோட முன்பக்கமா இருக்கணும். முன்னாடி லேசா இடிச்சதுன்னு சொன்னா அந்த லேசு எங்கே போய் நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. கழட்டறதுக்கு முன்னாடி முழு வண்டியா எடுத்த போட்டோ கேளு. உடைக்கிற தொழில்ல இருக்கிறவங்க கிட்ட அது வாட்ஸ்அப்லயே இருக்கும். எட்டியோஸ் 2016-ல முகம் மாத்தி வந்தது. அதுக்கு முந்தின வண்டியாப் பார்த்து, டீசல்லயே கேளு.

ரெண்டாவது, வெட்டின விதம். கேஸ் கட்டிங் வெச்சு வெட்டியிருந்தா வாங்காதே. விளிம்பு நெடுக சூடு ஏறி தகடு கெட்டுப் போயிருக்கும். ஹேக்ஸா இல்லேன்னா கட்டிங் வீல்ல வெட்டினதா இருக்கணும், நமக்கு வேணுங்கிற இடத்துக்கு அப்பால ஆறு அங்குலமாவது கூடுதலா விட்டு வெட்டியிருக்கணும். இங்கே உன் பட்டறைக்காரர் அந்தக் கூடுதலைக் கழிச்சு, கம்பெனி ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியா வெச்ச ஒட்டு) எங்கே இருக்கோ அங்கே ஸ்பாட்டைத் துளைச்சுப் பிரிச்சு சேர்க்கணும். ரெயிலை, அதாவது முன்பக்க நீளச் சட்டத்தை, நடுவுல வெட்டி முட்டுக்கு முட்டு ஒட்டறேன்னு சொன்னா அவர்கிட்ட வேலை கொடுக்காதே. சேர்க்கறது கோ2 வெல்டிங்லதான், கேஸ் வெல்டிங்ல இல்லை.

மூணாவதுதான் முக்கியம். நிறைய வண்டியில எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புத் தகட்டுலயே சேஸிஸ் நம்பர் அடிச்சிருக்கும். நோஸ் கட்டோட அந்தத் தகடும் சேர்ந்து வந்தா, அந்தப் பகுதி உன் வண்டிக்குள்ள ஏறவே கூடாது. உன் வண்டியோட நம்பர் இருக்கிற தகட்டை யாரும் தொடவும் கூடாது. எஃப்.சி.க்குப் போறப்ப மோட்டார் வாகன ஆய்வாளர் முதல்ல பார்க்கறது அதைத்தான். நம்பர் பக்கத்துல வெல்டிங் தடம் இருந்தா, நீ டாக்ஸி ஓட்டிச் சம்பாதிக்கிற நாளெல்லாம் விளக்கம் சொல்லியே போயிடும். பெங்களூர்க்காரர்கிட்ட அந்த வண்டியோட ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ்னு ஏலத்துல வித்த காகிதம், ரெண்டுல ஒண்ணாவது வாங்கு. திருட்டுச் சாமான்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வெச்சா 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். முன்னே ஐ.பி.சி. 411னு சொல்வாங்க, அதுவேதான். விலை ரொம்ப மலிவா இருக்கேன்னு தோணினா அதுவே ஒரு காரணம்னு போலீஸ் சொல்லும்.

கேள்வி: பழைய பாகத்தில் பார்ட் நம்பர் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. என் வண்டிக்கான நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால் போதாதா?
– சிப்காட் ஊழியர், ராணிப்பேட்டை

பதில்: சேருமாங்கிற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. ஹூண்டாய்ல பத்து இடம். முதல் ஐந்து அது என்ன பாகம்னு சொல்லும், அடுத்த ஐந்துல மாடல் இருக்கும். மாருதியிலயும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான், முதல் ஐந்து பாகம், அதுக்கப்புறம் மாடல். அதனால முதல் ஐந்து மட்டும் ஒத்துப்போறதைப் பார்த்து "நம்பர் சேம் சார்"னா ஒத்துக்காதீங்க. அது "ரெண்டுமே கிராஸ் மெம்பர்தான்"னு சொல்ற மாதிரி. உங்க சேஸிஸ் நம்பர் பதினேழு எழுத்தையும் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டர்ல கொடுத்தா, அவங்க கேட்லாக்ல பார்த்து முழு நம்பரையும் சொல்லிடுவாங்க. நகல் எடுக்கறப்ப ஒரு விஷயம்: ஐ, ஓ, க்யூ மூணு எழுத்தும் சேஸிஸ் நம்பர்ல வராது. வட்டமா தெரிஞ்சா அது பூஜ்யம்தான், கோடா தெரிஞ்சா ஒண்ணுதான்.

பேர் மாறாமலே நம்பர் மாறின பாகமும் உண்டு. முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல் சோதனை புது மாடல்களுக்கு 2017 அக்டோபர்லயும், ஏற்கெனவே ஓடிட்டிருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபர்லயும் கட்டாயமாச்சு. அதுக்காக உள்ளே இரும்பைக் கெட்டியாக்கின வண்டிகள் இருக்கு. வெளியே பார்த்தா அதே முகம். 2018 வண்டி ஏப்ரனை 2020 வண்டியில ஒட்டினா ஒட்டிக்கும். ஆனா அது அந்த வண்டிக்கான ஏப்ரன் இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற பாகம் வளைஞ்சிருக்கான்னு ஸ்டிக்கர் சொல்லாது. முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்க, நாடா எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: எங்களிடம் பழைய பொலேரோ இருக்கிறது. சேஸிஸ் பின்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. முழு சேஸிஸ் பழசு கிடைக்கிறது, மாற்றிவிடலாமா?
– பட்டு வியாபாரி, ஆரணி

பதில்: செய்யாதீங்க. பொலேரோ மாதிரி வண்டியில பாடி தனி, சேஸிஸ் தனி. சேஸிஸ் நம்பர் அடிச்சிருக்கிறதே அந்தச் சட்டத்துலதான். வேற சேஸிஸ் ஏத்தினா, காகிதப்படி நீங்க ஓட்டறது அந்த வேற வண்டியை. ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்லுது. பழைய நம்பரை அரைச்சு உங்க நம்பரை அடிச்சுத் தர்றேன்னு சொல்ற ஆளும் வருவார். அவரோட பேச்சே வெச்சுக்காதீங்க.

ஓட்டை விழுந்தது பின்பக்கம் மட்டும்னா, துருவை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே கனத் தகட்டுல உள்ளே ஒரு பட்டை வெச்சுச் சேர்க்க முடியும். ஸ்பிரிங் ஹேங்கர் (பின்பக்க ஸ்பிரிங்கைப் பிடிக்கிற இடம்) பக்கத்துலயே போயிருந்தா வண்டிக்கு விடை கொடுத்துடலாம்.

கேள்வி: பைக்கில் வந்த ஒருவர் பக்கவாட்டில் மோதி எங்கள் காரின் நடு பில்லர் அமுங்கிவிட்டது. பில்லர் மட்டும் வெட்டி எடுத்த பீஸ் கிடைக்கிறது. சீட் பெல்ட்டும் சேர்த்துத் தருகிறார்களாம்.
– இல்லத்தரசி, ஆம்பூர்

பதில்: அம்மா, இதுல நான் கண்டிப்பா இருப்பேன். பழைய பில்லர் வேண்டாம். பக்கவாட்டுல லாரி வந்தா உங்களுக்கும் அதுக்கும் நடுவுல நிக்கிறது அந்த ஒரு தூண்தான். இப்போ வர்ற நிறைய கார்ல அது சாதாரணத் தகடு இல்லை. எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுல அழுத்தி, அச்சுக்குள்ளயே சட்டுன்னு ஆற வெச்சு இறுகப் பண்ணினது. மறுபடி சூடு காட்டினா அந்த இறுக்கம் போயிடும், பார்க்க அப்படியே இருக்கும். நடுவுல வெட்டி ஒட்டின பில்லர்ல ஒட்டின கோடு நெடுக அந்த மெலிவு இருக்கும். பில்லர் புதுசா கம்பெனியில வாங்கி, கம்பெனி இணைப்பு எங்கே இருக்கோ அங்கே மட்டும் பிரிச்சுச் சேர்க்கற இடத்துல வேலையைக் கொடுங்க.

லேசா அமுங்கினதுன்னா மாத்தவே தேவையில்லாம இருக்கலாம். கதவு முன்னே மாதிரி சத்தமில்லாம மூடுதா, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா இருக்கா, இதைப் பார்த்துட்டு, சூடு காட்டாம இழுத்து எடுக்க முடியுமான்னு பாடி ஷாப்ல ஒரு அபிப்பிராயம் கேளுங்க.

பழைய சீட் பெல்ட்டைத் தொடாதீங்க. மோதல்ல பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற மருந்து ஏற்கெனவே வெடிச்சுட்டதா இல்லையான்னு வெளியே தெரியாது. பழைய ஏர்பேக்கும் அப்படித்தான்.

கேள்வி: காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறது. இருந்தாலும் க்ளெய்ம் போடாமல் பழைய பாகம் போட்டால் லாபமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: வண்டியோட வயசைச் சொல்லலையே! சாதாரண பாலிசியில உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பாங்க: அஞ்சு வருஷம் தாண்டி பத்து வருஷம் வரைக்கும் 40 சதவீதம், பத்துக்கு மேல 50. பிளாஸ்டிக், ரப்பருக்கு எப்பவுமே 50. அப்போ ஏழு வருஷ வண்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் புது ஏப்ரன் போட்டா ஆறாயிரம் வரும், நாலாயிரம் உங்க கை. அந்த நாலாயிரத்தோட, க்ளெய்ம் போட்டதால போகப் போற நோ க்ளெய்ம் போனஸையும் கூட்டிக்கோங்க. ஒருத்தர் 50 சதவீதத் தள்ளுபடிக்கு வந்திருந்தா அது சின்னத் தொகை இல்லை. ஒரே ஒரு சப்போர்ட் பேனல்னா பழசு போட்டுட்டுப் போயிடலாம். ஏப்ரன் வரைக்கும் போன அடிக்கு க்ளெய்ம் போடுங்க. புதுசு வரும், சர்வேயர் பார்த்த ரிப்போர்ட்டும் இருக்கும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) போட்டிருந்தா யோசிக்கவே வேண்டாம். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில (பாலிசியில போட்டிருக்கிற வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினா அவங்களே டோட்டல் லாஸ்னு முடிச்சுடுவாங்க. அந்த வண்டிகளைத்தான் அப்புறம் புதுப்பேட்டையில துண்டு துண்டா பார்க்கறோம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஏற்கெனவே இப்படி வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா?
– பேராசிரியை, காந்தி நகர், காட்பாடி

பதில்: முடியும் மேடம். பானெட்டைத் திறந்து, ஃபெண்டருக்கு உள்பக்கம் ஏப்ரன் விளிம்பைப் பாருங்க. கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்ன வட்டக் குழியா, ஏறக்குறைய ஒரே இடைவெளியில வரிசையா இருக்கும். மறுபடி ஒட்டினதுல குழி இருக்காது. மேடா தேய்ச்சு விட்டிருப்பாங்க, இல்லேன்னா சீலர் பூசி மறைச்சிருப்பாங்க. இடது பக்க சீலர் கோட்டையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டாலே பாதி தெரிஞ்சுடும். கம்பெனியில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், பட்டறையில விரலால தேய்ச்சது கோணல்மாணலா போகும். அடுத்தது ஃபெண்டர் போல்ட், பானெட் கீல் போல்ட். தலையில பெயின்ட் உரிஞ்சு ஸ்பானர் தடம் இருந்தா கழட்டியிருக்காங்க. டிக்கியில ஸ்டெப்னியை எடுத்துட்டு அடித்தகட்டையும் இப்படியே பாருங்க. நிறைய பேர் முன்னாடி மட்டும் பார்த்துட்டு வந்துடறாங்க.

வண்டி நம்பரைச் சொல்லி அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி எடுத்துத் தரச் சொல்லி விக்கிறவரைக் கேளுங்க. ஏப்ரன் மாத்தினதா பில் இருந்து, கம்பெனி சாமான்னு அதுல எழுதியிருந்தா பயப்பட வேண்டாம், விலையைக் குறைச்சுக் கேளுங்க. தடம் இருக்கு, பில் இல்லைன்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி லிஃப்ட் இருக்கிற பட்டறை எதுக்காவது கொண்டுபோய், அடியில நின்னு பார்த்துடுங்க.